கொட்டாங்கச்சிக் கரியில் அப்பா அடைத்த புகை

1

அப்பாவின் காலைப் பற்றிப் பேசி முடிவெடுத்த அன்று ஆஸ்பத்திரி வார்டில் இருந்தவர்கள்: கட்டிலில் அப்பா, தலைமாட்டில் அம்மா, கால்மாட்டில் செல்வி அக்கா, லாரியை ரோட்டோரம் போட்டுவிட்டு ஓடிவந்த மச்சான், மலாய்க்கார டாக்டரம்மா ஒருவர். பக்கத்துக் கட்டில்காரரையும் சேர்த்துக்கொள்ளலாம். கோலா கெத்திலில் பேருந்து ஓட்டியவராம். சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

இல்லாதவன் நான் ஒருவன். ஆனால் பேச்சு முழுக்க என்னைப் பற்றித்தான் நடந்திருக்கிறது.

அப்பாவின் இடது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டும். உடனே எடுத்தால் இரண்டோடு நிற்கும். தள்ளிப்போட்டால் பாதம் போகலாம், முழங்காலுக்குக் கீழேயே போகலாம். டாக்டரம்மா மலாயில் சொன்னதை அக்கா தமிழில் மறுபடியும் சொன்னாள். அப்பாவுக்கு அக்காவைவிட நல்ல மலாய் வரும். இருந்தும் இரண்டையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "என் மவன் அங்க மருந்து செஞ்சிக்கிட்டு இருக்கான். அது வரட்டும்" என்றாராம்.

"எப்பப்பா வரும்?" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"அவன்தான சொல்லணும்?"

அப்பாவுக்கு அப்போது கூலிமில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை, வாசல் காவல். வாசலில் நின்று லாரிகளை எழுதிக்கொண்டு உள்ளே விடவேண்டும். கால் இல்லாதவரை எந்த வாசலிலும் நிறுத்த மாட்டார்கள். அம்மாவுக்குத் தனியாக வருமானம் கிடையாது. இதெல்லாம் அந்த வார்டில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும்.

2

இது நடந்து ஒரு வருடமாகிறது. எனக்கு அது ஞாபகம் வந்த விதம் கொஞ்சம் அசிங்கமானது.

நான் இருப்பது ஸ்காட்லாந்தில், கடலோரமாக ஒரு சின்ன ஊர். போன வெள்ளிக்கிழமை மாலை என் மனைவி மாலா விளக்கேற்றிவிட்டு, ஊரிலிருந்து வந்த சாம்பிராணியை ஒரு கரித்துண்டில் போட்டாள். மகளின் தலைமுடி ஈரமாக இருந்தது, காட்டலாம் என்று நினைத்திருக்கிறாள். கூரையில் இருந்த புகைமணி அலற ஆரம்பித்தது. எங்கள் வீட்டு மணி அலறினால் கட்டடம் முழுக்க அலறும் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. நான்கு மாடி ஆட்களும் வீட்டுச் செருப்போடு வெளியே வந்து குளிரில் நின்றார்கள். ஒரு கிழவர் பூனையைச் சட்டைக்குள் வைத்திருந்தார். தீயணைப்பு வண்டி வந்தது. என் மகள் கயலுக்கு மட்டும் ஒரே சந்தோஷம்.

"என்ன எரிந்தது?" என்று தீயணைப்புக்காரர் கேட்டார். மரப்பிசின் என்றேன். எதற்கு என்றார். தலைமுடிக்கு என்றேன். அவர் என்னையும் மாலாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேறெதுவும் கேட்காமல் போய்விட்டார். திங்கட்கிழமை கட்டட நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. இனிமேல் வீட்டுக்குள் 'முடி சம்பந்தமான தீ' மூட்டக்கூடாது என்று எழுதியிருந்தார்கள். மாலா அதைப் படித்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சாம்பிராணிப் புகையை மோந்துகொண்டு அந்தக் குளிரில் நின்றபோது அப்பாவின் கால் என் கண்முன்னால் வந்துவிட்டது.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வெள்ளைப் பொடி செய்கிறோம். பார்க்க மாவு மாதிரி இருக்கும். உள்ளே, கண்ணுக்கோ சாதாரண உருப்பெருக்கிக்கோ தெரியாத அளவில், அறை அறையாக ஓட்டைகள். ஒரு தேக்கரண்டிப் பொடியில் இருக்கும் ஓட்டைச் சுவர்களைப் பிரித்து விரித்தால் எங்கள் பழைய தோட்டத்துத் திடலை மூடிவிடலாம். அந்த அறைகளில் இருக்கும் ஈரத்தையெல்லாம் சூடேற்றி வெளியேற்றிவிட்டு, நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை அடைக்கிறோம். அதிகமாக இருந்தால் அது விஷம். கொஞ்சமாக இருந்தால் மருந்து. நம் உடம்பே அதைத் துளித்துளியாகச் சுரக்கிறது. ரத்தக் குழாய் விரிவதற்கு, கிருமி சாவதற்கு, புண் ஆறுவதற்கு அது வேண்டும். அப்பாவைப்போல இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி உள்ளவர்களின் காலில் அது போதாமல் போகிறது. பொடியைப் பட்டையில் பூசித் தோல்மேல் ஒட்டினால், தோலின் ஈரம் உள்ளே போய் வாயுவை வெளியே தள்ளும். வாயு மெதுவாகத் தோலுக்குள் இறங்கும். யோசனை இவ்வளவுதான். அது இன்னும் யோசனையாகத்தான் இருக்கிறது. பன்றித் தோலைத் தாண்டி எந்த மனிதக் காலிலும் நாங்கள் ஒட்டியதில்லை.

இதில் என் பங்கு, ஈரத்தைப் பார்த்துக்கொள்வது. அந்தப் பட்டை சூடான நாடுகளுக்குப் போனால் உறைக்குள்ளேயே வாயுவை விட்டுவிடுமா, தாங்குமா என்று சோதிக்கிறேன். அதற்கு ஒரு பெட்டி இருக்கிறது, ஆள் உயரத்தில். உள்ளே வெயிலும் ஈரமும் நாம் வைத்தபடி இருக்கும். முதல் நாள் அதை எந்த அளவில் வைப்பது என்று பேராசிரியர் கேட்டார். யோசிக்காமல் எங்கள் ஊர் பாடாங் செராயின் மழைக்காலத்து மத்தியானத்தைச் சொன்னேன். இன்றைக்கும் அந்த அளவில்தான் ஓடுகிறது. வெளியே பனி கொட்டும் நாட்களில் கதவைத் திறந்தால் வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடிக்கும். கண்ணாடி மங்கிவிடும். மற்றவர்கள் முகத்தைச் சுளித்து விலகுவார்கள். நான் தட்டை வெளியே எடுக்கக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

3

என் அப்பா புகைக்கூடத்தில் வேலை செய்தவர். தோட்டத்தில் ரப்பர் பால்மரம் இருந்த காலம் அது. இப்போது அங்கே செம்பனைதான். லயன் வீடுகளை இடித்துவிட்டார்கள், நாங்கள் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு தாமான் குடியிருப்புக்கு வந்து வெகு நாளாகிறது.

வெள்ளை வெளேரென்று ஈரம் சொட்டும் ரப்பர் ஷீட்டுகளை மூங்கில் கழியில் தொங்கவிட்டு உள்ளே அனுப்புவார்கள். நாலைந்து நாள் புகையில் கிடந்து தேன் நிறத்தில் வெளியே வரும். பூஞ்சை பிடிக்காது, வருடக்கணக்கில் கெடாது. தீயைப் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. பால்மரக் கட்டையைத்தான் எரிப்பார்கள். தீ பெரிதாகக் கூடாது, அணையவும் கூடாது. அப்பா அடுப்பு வாயின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கட்டையை அரை அடி உள்ளே தள்ளுவார், கொஞ்சம் பார்ப்பார், கால் அடி வெளியே இழுப்பார். நாள் முழுக்க அதுதான்.

பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போவேன். அப்பா வெளியே எடுத்து வைத்த ஷீட்டை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டுவார். "வெள்ளப் புள்ளி தெரியுதா?" என்பார். தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, மறுபடியும் போகவேண்டும். தெரியாவிட்டால் சரி. எனக்குப் புள்ளி தெரிந்தால் அவருக்கு முகம் வாடும். அதனால் தெரிந்தாலும் சில நாள் தெரியவில்லை என்பேன். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் கண்டுபிடித்துவிடுவார்.

அப்பாவின் சட்டை, தலைமுடி, மோட்டர் சீட்டு எல்லாவற்றிலும் அந்தப் புகை இருக்கும். அம்மா துவைத்துத் துவைத்துப் பார்த்துவிட்டு, "ஒங்கப்பனையே கழியில தொங்கவிட்டு எடுத்த மாதிரிதான்லா இருக்கு" என்பாள். அவளே வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தலைக்குச் சாம்பிராணி காட்டுவாள். சளிக்குப் புகை, பிள்ளை பெற்றவளுக்குப் புகை, கொசுவுக்கும் கண்ணேறுக்கும் புகை. அக்காவுக்குக் குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்தபோது அந்தத் தாமான் வீட்டில் ஒரு மாதம் சுவர் தெரியவில்லை. எங்கள் வீட்டில் மருந்து என்றால் பாதி அதுதான். கெட்டுப்போகாமல் இருக்க ஒரு பொருளைப் புகையில் வைக்கவேண்டும் என்பதை நாங்கள் யாரும் பாடமாகப் படிக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்பா தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அக்கா மூன்றாம் படிவம். நான்தான் பல்கலைக்கழகம் வரை போனவன். தோட்டத்துக் கோயிலில் எனக்கு மாலை போட்டார்கள். என்ன படித்தேன் என்று கேட்டவர்களுக்கு அப்பா, "கெமிஸ்ட்ரி" என்று மட்டும் சொல்வார். அதற்கு மேல் யாராவது கேட்டால் அவசரமாகத் தேநீர் வாங்கிக் கொடுத்துவிடுவார்.

4

போன தீபாவளிக்கு முந்தைய தீபாவளி. வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். கயல் வழக்கம்போல ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அப்பா மலாயில் பதில் சொன்னார்.

"என்னப்பா மலாய் பேசறீங்க அவகிட்ட?"

"அவ ஒரு பாச பேசறா, நான் ஒரு பாச பேசறேன். தமிழு நடுவுல எங்கியோ எறங்கிப் போயிடுச்சி" என்று சிரித்தார். பிறகு திடீரென்று கேட்டார். "சரி தம்பி, நீ அங்க என்ன வேலதான் செய்யற? கெடேல எல்லாரும் கேக்கறானுங்க. டாக்டரான்னு கேக்கறான். டாக்டர்தான், ஆனா ஊசி போடமாட்டான்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவருக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது என்று ஒரு நொடி யோசித்தேன். சமையல் மேடையில் கரித்துண்டு ஒன்று கிடந்தது. எடுத்துக் காட்டினேன்.

"கரி இருக்குல்லப்பா. கைக்கு லேசா இருக்கும். ஏன்னா உள்ள பூரா ஓட்ட. அந்த மாதிரி ஒரு சாமான் செய்யறோம். ஓட்டைக்குள்ள வாயுவ அடைச்சி வச்சிருவோம். புண்ணுமேல ஒட்டுனா வாயு மெல்ல தோலுக்குள்ள எறங்கும். புண்ணு ஆறும்."

அப்பா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கரியைப் பார்த்தார். பிறகு, "அப்ப பொகக்கூடந்தான்" என்றார்.

"என்னது?"

"ஷீட்டுமேலதான பொக படுது. உள்ள எப்படிப் போவுது? மெல்லத்தான் போவும். அவசரப்பட்டு தீயக் கூட்டுனா கொப்புளம் போட்டுரும். ஒன்னோடதும் அப்படித்தானே?"

அப்படியேதான், வேகமாக இறங்கினால் தோல் கெட்டுவிடும் என்றேன்.

"ஈரம்?"

"ஈரம் ஆவாதுப்பா. முன்னாடியே ஈரம் பட்டா வாயு பூராவும் போயிடும். கால்ல வெக்கிற வரைக்கும் காய்ஞ்சி இருக்கணும். அதப் பாத்துக்கறதுதான் என் வேல."

"ஈரம் பாக்கற வேல" என்று அவர் திருப்பிச் சொன்னார். முகம் மலர்ந்துவிட்டது. "அது எனக்குத் தெரிஞ்ச வேலலா."

அதுவரை எனக்கும் அப்பாவுக்கும் பேச்சு என்றால் சாப்பிட்டாயா, மழையா, பணம் வந்ததா, அவ்வளவுதான். அன்று முக்கால் மணி நேரம் பேசினோம். போனை வைத்த பிறகு மாலா, "ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ்ல வேல செய்யற மாதிரி பேசுனீங்க" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அப்போதே அவருடைய இடது காலில், பெருவிரலுக்கு அடியில், வேலைச் சப்பாத்து கடித்த புண் ஒன்று ஆறாமல் இருந்தது. அதை அவர் எனக்குக் காட்டவில்லை.

5

மற்றது அம்மா சொன்னதும் அப்பா சொன்னதும் சேர்ந்தது.

பாசாரில் தேங்காய் திருகித் தருபவரிடம் அப்பா ஒரு பை கொட்டாங்கச்சி வாங்கி வந்தார். பால்மரக் கட்டை இப்போது எங்கே கிடைக்கும். வீட்டுக்குப் பின்னால் பிஸ்கட் டின்னில் போட்டுக் கரியாக்கினார். கரி சிவந்து வரும்போது அம்மா வழக்கம்போலச் செம்பில் தண்ணீரோடு வந்தாள். கரியை அணைக்க எங்கள் வீட்டில் எப்போதும் தண்ணீர்தான் தெளிப்போம்.

"ஊத்தாத, ஊத்தாத. ஈரம் ஆவாதுன்னு தம்பி சொல்லியிருக்கான்."

"அது எந்தக் கரிக்குச் சொன்னான், எந்தக் காலுக்குச் சொன்னான்?"

"எல்லாக் கரிக்கும் ஒரே ஓட்டதான். ஒனக்கு வெளங்காது, உள்ள போ."

டின்னை மூடி, மண் போட்டு அடைத்து, காற்றுப் போகாமல் அணைய வைத்தார். ஆறியபின் கரியை ஒரு மைலோ டின்னில் கம்பி கட்டித் தொங்கவிட்டு, அடியில் சாம்பிராணி போட்டுப் புகை ஏற்றினார். மெல்லிய புகை, நாள் முழுக்க. அவசரப்படவில்லை. எடுத்துப் பழைய சாரத்துத் துணியில் முடிந்து, புண்ணின்மேல் வைத்து, அதற்குமேல் கிளினிக்கில் கொடுத்த கட்டுத்துணியையும் சுற்றிக்கொண்டார்.

முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. புண்ணில் நீர் வற்றின மாதிரிகூட இருந்ததாம். கடையில் போய், "என் மவன் மொறையில நானே செஞ்சி பாக்கறேன்" என்று சொல்லியிருக்கிறார். கிளினிக்கில் கட்டுப்போடும் நாளையும் ஒன்றிரண்டு தள்ளிவிட்டார்.

அடுத்த தடவை டின்னைக் கொஞ்சம் முன்னாலேயே திறந்துவிட்டார். தண்ணீர் படாமல் மூடி அணைத்த கரியில் ஒரு துண்டுக்குள் மட்டும் தீ உயிரோடு இருந்திருக்கிறது. வெளியே கறுப்பு, தொட்டாலும் பெரிய சூடில்லை. சாம்பிராணிப் புகைக்குள் அந்தப் புகை தனியாகத் தெரியவில்லை. துணியில் முடிந்து உள்ளங்காலில் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தொலைக்காட்சி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தார். துணிக்குள் காற்றுப் பட்டுக் கரி மெல்லப் பற்றியிருக்கிறது. அம்மாவுக்குக் கருகல் வாசனை வந்தது. சாம்பிராணி என்று நினைத்தாள். அப்பாவுக்கு அந்தப் பாதத்தில் உணர்வு போய் நாளாகிறது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. செருப்பு கழன்றாலே தெரியாத கால் அது.

கட்டுத்துணி மாற்றிய கிளினிக் நர்ஸ் கேட்டபோது, மோட்டர் எக்ஸோஸ் குழாய் பட்டுவிட்டது என்று சொல்லியிருக்கிறார்.

"உள்ளங்கால்லயா அங்கிள், எக்ஸோஸ மிதிச்சிக்கிட்டா ஓட்டுவீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாளாம். அவளும் நம் பெண்தான். கட்டுத்துணியிலிருந்து விழுந்த கரித்தூளைக் கையில் எடுத்து மோந்து பார்த்திருக்கிறாள். "இது சாம்பிராணிலா. எங்க பாட்டி வாசம்."

சுட்ட இடம் அழுகி இரண்டு விரல்களுக்குப் பரவியதும் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அக்கா எனக்குப் போன் செய்தபோது வணக்கம்கூடச் சொல்லவில்லை. "நீ என்னடா சொல்லிக் குடுத்த அப்பாவுக்கு?" என்றாள்.

6

நான் உடனே கிளம்பியிருக்கவேண்டும். விசா புதுப்பிக்க மனுப் போட்டிருந்தேன். முடிவு வரும்முன் நாட்டைவிட்டு வெளியே காலெடுத்து வைத்தால் மனு செத்துவிடும். திரும்பி வர முடியாது. மாலாவும் கயலும் என் மனுவின் நிழலில் இருப்பவர்கள். குடிநுழைவு எண்ணுக்கு அழைத்தேன். இசை போட்டார்கள். நெடுநேரம் கழித்து ஒரு பெண் வந்து, தந்தை இறக்கும் நிலையில் இருக்கிறாரா என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்படியென்றால் காத்திருக்கப் பரிந்துரைக்கிறேன்" என்றாள், அன்பாகத்தான். அந்த வாக்கியத்தை நான் தமிழில் யாரிடமும் சொல்லவில்லை.

அதனால்தான் வார்டில் நான் போனாக இருந்தேன். இங்கே காலை, அங்கே மத்தியானம். ஆய்வுக்கூடத்துக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அக்கா திரையை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். பின்னால் பக்கத்துக் கட்டில்காரரின் தோளும் தட்டும் தெரிந்தன.

"இவந்தாண்ணே" என்று அப்பா அவருக்கு என்னைக் காட்டினார். "கேளுங்க, இவன்கிட்டயே கேளுங்க."

அவர் எட்டிப் பார்த்து, "தம்பி, ஒங்க மருந்து இருந்தா எனக்கும் ஒண்ணு அனுப்புங்க. எனக்குக் குதிகால்" என்றார்.

அக்கா மூச்சுவிடும் சத்தம் கேட்டது. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்பா, விரல எடுத்துருங்கப்பா" என்றேன்.

"ஒன் மருந்து?"

"அது இன்னும் மருந்து இல்லப்பா."

"கொஞ்சமா இருந்தாலும் போதும். பெரிய புண்ணு இல்ல. தபால்ல போட்டா ஒரு வாரத்துல வந்துராதா?"

"அது தபால்ல வராதுப்பா. யார் கால்லயும் இதுவரைக்கும் ஒட்டல. பன்னித் தோல்லதான் வச்சிப் பாக்கறோம்."

பக்கத்துக் கட்டில்காரர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். அப்பா அதைக் கவனித்ததை நான் கவனித்தேன். எத்தனை நாளாக அந்த வார்டில், அதற்கு முன் கடையில், அதற்கும் முன் தொழிற்சாலை வாசலில், என்னைச் சொல்லிச் சொல்லி உட்கார்ந்திருப்பார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சற்று அழகாகச் சொல்லலாமா என்றிருந்தது. சீக்கிரம் வரும், அதுவரைக்கும் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் என்று சொல்லலாம். 'சீக்கிரம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் இன்னும் ஒரு வாரம் காத்திருப்பார்.

"எப்ப வரும்?" என்றார் மறுபடியும்.

"பத்து வருஷம் ஆவலாம். வராமலே போவலாம்."

"வராமலேயா?"

"நெறைய சாமான் அப்படித்தாம்ப்பா போவுது."

அவர் முகத்தில் கோபம் இல்லை. என்னை ஒரு ஷீட்டைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார். "அப்ப நீ அங்க போயி என்னதான் செய்யற?" என்றார்.

அதே கேள்விதான், தீபாவளிக்குக் கேட்டது. இந்தத் தடவை கையில் காட்ட எதுவும் இல்லை.

"வாயு எவ்வளவு நேரம் உள்ள நிக்குதுன்னு பாக்கறேன்ப்பா. நிக்கலன்னா எழுதி வெக்கிறேன். மறுபடியும் செய்யறோம். மறுபடியும் பாக்கறேன்."

"நின்னுச்சா?"

"இன்னும் சரியா நிக்கல."

அம்மா தலைமாட்டிலிருந்து, "பொய் சொல்லாம சொல்றான்ல, கேளுங்க" என்றாள். அது ஒன்றுதான் அன்று அவள் பேசியது.

அப்பா போர்வையைக் காலிலிருந்து விலக்கினார். பிறகு டாக்டரம்மாவிடம் மலாயில் ஏதோ கேட்டார். திரையில் சரியாகக் கேட்கவில்லை. அக்கா பிறகு சொன்னாள். இரண்டு விரல் போனால் நடக்கலாமா, நிற்கலாமா என்று கேட்டாராம். நடக்கலாம் அங்கிள், நிற்கலாம், காத்திருந்தால்தான் எனக்குச் சொல்லத் தெரியாது என்றாராம் டாக்டரம்மா. அப்பா கையெழுத்துக்காகக் கையை நீட்டினார். போட்டு முடித்துவிட்டுப் பக்கத்துக் கட்டில்காரரிடம், "ஒங்களுக்கும் வராதுண்ணே. குதிகாலப் பாத்துக்கிடுங்க" என்றார்.

அன்று மாலை பேராசிரியர் கேண்டீனில் என் தந்தை எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன், கரியிலிருந்து. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஈரம் படாமல் வைக்கவேண்டும் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். பதிலாக என் வாயிலிருந்து, "புரிஞ்சதுதான்லா பிரச்சன" என்று தமிழிலேயே வந்துவிட்டது. அவர் தலையாட்டினார்.

7

விசா வந்து நான் ஊருக்குப் போனபோது மூன்று மாதம் ஆகியிருந்தது. பினாங்கு விமான நிலையக் கதவு திறந்ததும் என் ஆய்வுக்கூடப் பெட்டியின் காற்று முகத்தில் அடித்தது. மச்சான் காடி ஓட்டினார். பட்டர்வொர்த் தாண்டி, கூலிம் தாண்டி, வழிநெடுகச் செம்பனை. எங்கள் பழைய தோட்டத்துப் பக்கம் வந்தபோது வேகத்தைக் குறைக்கச் சொன்னேன். புகைக்கூடம் இருந்த இடத்தில் செங்கல் சுவர் ஒன்று மார்பளவுக்கு நிற்கிறது. கொடி ஏறியிருந்தது. இறங்கி மோந்து பார்த்தேன். செடி வாசம்தான்.

அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். நிற்கிறார் என்பதைக் காட்டுவதற்காகவே நின்றிருக்கவேண்டும். இடது பாதம் குறுகி, நுனியில் தையல் தழும்போடு இருந்தது. நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன்.

"தெரியுதாப்பா?"

"தெரியல. நீ தொடறத கண்ணுலதான் பாக்கறேன்."

பிறகு அவருக்கு ஒரு வழக்கம் சொல்லிக்கொடுத்தேன். தினமும் காலையில் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்ப்பது. பழைய வேலையைப்போலவே செய்கிறார். வெளிச்சத்துக்கு நேரே காலைத் திருப்பிப் புள்ளி தேடுகிறார். ஒன்று தெரிந்தால் மறைப்பதில்லை, அன்றே கிளினிக்கில் போய் நிற்கிறார். அந்த நர்ஸ் அவரை, "வாங்க எக்ஸோஸ் அங்கிள்" என்றுதான் கூப்பிடுகிறாளாம்.

ஒருநாள் சாயங்காலம் கடைக்கு என்னை அழைத்துக்கொண்டு போனார். போகத் தயக்கமாகத்தான் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் தெரிந்தவர் ஒருவர் குனிந்து பார்த்து, "என்னாண்ணே, வெரலு எங்க?" என்றார்.

அப்பா தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார். "ஆராய்ச்சியில போச்சி."

கடையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மேசைக்கடியில் என் முழங்காலைத் தட்டினார். "ஒங்க பன்னித் தோலுக்கு அடுத்தது என் தோலுதான். எழுதி வச்சியா?" என்றார்.

எழுதி வைக்கவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன். எங்கள் பொடி இன்னும் சரியாக நிற்கவில்லை. போன மாதம் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. அன்று அப்பாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். "அவசரப்படாத" என்றார்.

இடது காலால் கியர் போட முடியாததால் பழைய மோட்டரைத் தள்ளிவிட்டு, கியர் இல்லாத ஸ்கூட்டர் ஒன்று வாங்கினார். ஜாகா வேலை அதே வாசலில் திரும்பக் கிடைத்தது. இப்போது உட்கார ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். வேலையில்லாமல் வீட்டிலிருந்த மாதங்களின் சம்பளம், ஸ்கூட்டர், தனியாகத் தைத்த சப்பாத்து, என் விமானச் சீட்டு எல்லாவற்றையும் அக்கா கூட்டிப் பார்த்தாள். அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஆனது வெறும் எண்பத்தேழு ரிங்கிட். எல்லாம் சேர்த்து ஆனது பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தேழு ரிங்கிட்டும், இடது காலில் இரண்டு விரல்களும்.